மேற்கு மூலையில் பச்சைக்காலி

"பவளக்காலி ஒண்ணு, ரெண்டு, அந்தா கரையோரம் சேந்தாப்ல மூணு" என்று குற்றாலிங்கம் தொலைநோக்கியில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, பால்வண்ணம் மடியிலிருந்த தாளை மட்டும் பார்த்தபடி கோடு இழுத்துக்கொண்டிருந்தார். நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை எண்ணிய காலத்துப் பழக்கம் இன்னும் விரலுக்குள்ளேயே குடியிருந்தது. மனசு எங்கே போனாலும் விரல் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். கப்பலில் ஏறும் மூட்டையைப் பார்த்துச் சொல்லுகிறவன் ஒருவன், தாளைப் பார்த்துக் கோடு போடுகிறவன் இன்னொருவன். சொல்லுகிறவன் எழுதக் கூடாது, எழுதுகிறவன் பார்க்கக் கூடாது. இரண்டையும் ஒரே ஆள் செய்தால் நடுவில் எங்கோ ஒரு மூட்டை ஒழுகிப்போகும். அந்த விதியை இந்த உப்பளத்து வரப்புக்குக் கொண்டுவந்ததே பால்வண்ணம்தான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவர் இத்தனை வருஷத்தில் குற்றாலிங்கத்திடம் தானாக வாய் திறந்து சொன்ன ஒரே யோசனை அது. சம்பந்தி என்பவர் யோசனை சொல்லத் தோதான ஆள் இல்லை. அதிலும் பையனைப் பெற்ற சம்பந்தி. மகள் சண்முகவடிவு அந்த வீட்டுக்கு வாழப்போனதிலிருந்து பால்வண்ணம் குற்றாலிங்கத்தின் முன்னால் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருக்கிறார். இந்த வரப்பில்தான் நாற்காலி இல்லை. இரண்டு பேரும் ஒரே மண்ணில் துண்டை விரித்து உட்காரலாம். பக்கத்துத் தெரு செசிலி டீச்சர் தை மாதப் பறவைக் கணக்கெடுப்புக்கு ஆள் கேட்டு வந்தபோது, பேச விஷயமே இல்லாத இரண்டு சம்பந்திகளுக்குப் பேச்சு தேவைப்படாத ஒரு வேலை கிடைத்தது. ஒருவர் சொல்ல வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும். அது இருவருக்கும் ஏற்கெனவே பழகிய ஏற்பாடுதான்.

"இன்னும் நாலு. எழுதுதியளா, தூங்குதியளா?" "எழுதுதேன் சம்மந்தி." பாத்திகளில் மழைத்தண்ணீர் நின்றது. மார்கழி மழை இந்த வருஷம் தாமதமாக அடித்துவிட்டதில் உப்பு வாருகிறவர்கள் யாரும் இன்னும் இறங்கவில்லை. தண்ணீரிலிருந்து வந்த வாடையில் உப்பை விடச் சேறுதான் தூக்கலாக இருந்தது, மீன்குஞ்சு வாடையும் கொஞ்சம். முதுகில் வெயில் இதமாக விழுந்தது. எழுதுகிறவனுக்குப் பார்க்கத் தடையே தவிர கேட்கத் தடையில்லை; காதுக்கு மூடி கிடையாது. அப்போதுதான் பருந்து ஒன்று தாழப் போயிருக்க வேண்டும், மேற்கு மூலையிலிருந்து அந்தச் சத்தம் எழும்பியது. தியூ, தியூ, தியூ. மூன்றும் ஒரே உயரம், ஒரே இடைவெளி, அவசரமில்லாமல் கதவைத் தட்டுகிறவரைப் போல. பால்வண்ணத்தின் விரல் பாதிக் கோட்டில் நின்றது. பவளக்காலி அப்படிக் கூப்பிடாது. அது முதலில் உயரத் தொடங்கி, பிறகு சரிந்து, ஊரையே கூட்டி வைத்துச் சண்டை போடும். சேற்றில் யார் கால் வைத்தாலும் முதலில் கத்துகிறது அதுதான். பச்சைக்காலி எண்ணி மூன்று வார்த்தை பேசிவிட்டுப் போய்விடும். இரண்டும் ஒரே குடும்பம் என்று டீச்சர் முதல் வருஷமே சொல்லியிருந்தார். அதைக் கேட்டுக் குற்றாலிங்கம் வரப்பு அதிரச் சிரித்தார். "அப்பம் இதுகளும் சம்மந்திமாருதான் டீச்சர். பவளக்காலி மாப்பிள்ளை வீடு, அதான் இந்தச் சவுண்டு. பச்சைக்காலி பொண்ணு வீடு. பாருங்க, எங்க சம்மந்தி மாதிரியே தள்ளி நிக்கி." டீச்சரும் சிரித்தார். பால்வண்ணமும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தமக்கு வலித்ததா என்று அன்றைக்கு யோசித்தும் பார்த்தார், வலிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அன்றிலிருந்துதான் பச்சைக்காலி மேல் அவருக்கு ஒரு ஒட்டுதல் வந்தது.

பார்க்கக் கூடாது. பார்த்தார். தலையைத் தூக்கவில்லை, கண்ணை மட்டும் கண்ணாடியின் மேல் விளிம்புக்கு ஏற்றினார். எழும்பிய பறவைகள் ஒரு சுற்றுச் சுற்றி அதே மூலையில் இறங்கிக்கொண்டிருந்தன. பவளக்காலியாக இருந்தால் விரித்த இறக்கையின் பின்னோரத்தில் வேட்டிக்கரை போல வெள்ளை தெரிய வேண்டும். இதில் இறக்கை முழுக்க ஒரே கருமை. முதுகில்தான் வாலிலிருந்து மேலே ஏறிய வெள்ளை, ஆப்பு அடித்தது போல. இறங்கியதும் ஒன்று கழுத்தை நீட்டி அலகைத் தண்ணீரில் வைத்தபடியே குஞ்சுமீனைத் துரத்தி ஓடியது. அலகு லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தது. கால் சாம்பலும் பச்சையுமாக, நாள்பட்ட கீரைத்தண்டு நிறத்தில். வெயில் எதிரே இருந்தால் நிறம் ஏமாற்றும் என்று சொல்லலாம். வெயில் முதுகுப் பக்கம் இருந்தது. பவளக்காலியின் இளசுகளுக்குக் கால் சிவக்காமல் மஞ்சள் கலந்து இருக்கும், அதுவாக இருக்கலாம். ஆனால் இளசானாலும் அலகு நேராகத்தான் இருக்கும், உடம்பும் இவ்வளவு வெளுப்பாகவோ ஒரு சுற்றுப் பெரிதாகவோ இருக்காது. காலில் சேறு அப்பியிருக்கலாம்; அத்தனை காலிலுமா? பால்வண்ணம் ஒவ்வொரு சாக்காக எடுத்துப் பார்த்து, எடை குறைந்த மூட்டையைத் தள்ளுவது போல ஓரமாகத் தள்ளினார். தள்ளத் தள்ள அடியில் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. தொலைநோக்கி வைத்துப் பார்க்கிறவருக்குத் தெரியாதது, பழங்கண்ணாடி போட்ட தமக்கு வெறுங்கண்ணில் தெரிகிறது. "இருவத்தொம்பது, முப்பது, அந்தக் குட்டி வரப்புக்குப் பின்னாடி ரெண்டு. முப்பத்திரண்டு. மேக்கு மூலை முடிஞ்சு." முப்பத்திரண்டு. அந்த எண்ணை அவர் முன்பே எழுதியிருக்கிறார். எண்கள் அவருக்குள் முள் மாதிரி ஏறிக்கொள்ளும், எடுத்தாலும் வராது. போன தை மாதம், இதே மேற்கு மூலை, பவளக்காலி முப்பத்திரண்டு, குட்டி வரப்புக்குப் பின்னால் இரண்டு. இன்றைக்கு அங்கே நிற்பவை பத்தொன்பதுக்கு மேல் இல்லை. குட்டி வரப்பே மழையில் கரைந்துவிட்டது. இல்லாத வரப்புக்குப் பின்னால் நிற்கும் இரண்டு பறவைகளுக்கு அவர் கோடு போட்டிருக்கிறார். குற்றாலிங்கம் பறவையைப் பார்த்துச் சொல்லவில்லை, இடத்தைப் பார்த்துச் சொல்லுகிறார். போன வருஷத்துப் பறவைகளை இந்த வருஷத் தண்ணீரில் நிறுத்திச் சொல்லுகிறார்.

அது தெரிந்ததும் காலையில் வந்த வழி முழுவதும் பால்வண்ணத்துக்குள் மறுபடி ஓடத் தொடங்கியது. விடிந்தும் விடியாமலும் குற்றாலிங்கத்தின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். குற்றாலிங்கம் அரசு பஸ் ஓட்டிய ஆள். ஒரு விபத்தும் இல்லை என்று கலெக்டர் கையால் வாங்கிய பதக்கம் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிறது. வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிக்க வேண்டும். வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் பதமாக வேகத்தைக் குறைத்து, ஏறி, இறங்கினார். ரேஷன் கடை முக்கிலும் குறைத்தார். அங்கே வேகத்தடை இல்லை. இருந்தது; போன வாரம்தான் சுரண்டி எடுத்துவிட்டு மட்டமாகத் தார் ஊற்றினார்கள். வண்டி மெதுவாகி, ஒன்றுமே இல்லாத இடத்தில் மரியாதையாக ஏறி இறங்குவது போலப் போனது. பழக்கதோஷம் என்று பால்வண்ணம் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். அடுத்து உப்பளச் சாலை திருப்பத்தில் யாரோ புதிதாகக் கொட்டியிருந்த ஜல்லிக்குவியல். அதற்கு வண்டி குறையவே இல்லை. "சம்மந்தி" என்று அவர் தோளைப் பிடித்த பிறகுதான் வண்டி ஒடித்துத் திரும்பியது. "பனி சம்மந்தி, பனி" என்றார் குற்றாலிங்கம். பனி இருந்ததா? தோளைப் பிடித்த கையில் ஈரம் இருந்ததா? யோசித்தால் வேர்வைதான் நினைவு வருகிறது. இருக்கிற ஜல்லி தெரியவில்லை, இல்லாத மேடு தெரிகிறது. இதை இவ்வளவு நேரம் இரண்டு தனித்தனி விஷயமாக வைத்திருந்தோமே என்று அவருக்குத் தம் மேலேயே எரிச்சல் வந்தது. உடனே, கூப்பிடாமலே, பேத்தி மிதுனா வந்து நின்றாள். ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடமோ, சனிக்கிழமைப் பாட்டு வகுப்போ, அவளைக் கொண்டுவிட்டுக் கூட்டிவருவது குற்றாலிங்கம்தான். ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். பொங்கலுக்கு வந்தவள் வாய் நிறையக் கரும்போடு சொன்னாளே. "தாத்தாவும் நானும் ஒரு வெளாட்டு வெளாடுவோமே. சிக்னல் வந்தா என்ன கலருன்னு தாத்தா கேப்பாங்க. நான் கரெக்டா சொன்னா மிட்டாய்." எல்லாரும் சிரித்தார்கள். சரியாகச் சொல்லாவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. குழந்தைக்கு நிறம் சொல்லிக்கொடுக்கும் விளையாட்டு என்றுதான் நினைத்தார். அவளுக்கு நிறம் தெரிந்து இரண்டு வருஷம் ஆகிறது.

இன்றைக்குச் சனிக்கிழமை. பாட்டு வகுப்பு முடிந்ததும் குழந்தை வாசலில் நிற்கும். கணக்கு முடிந்ததும் குற்றாலிங்கம் இங்கிருந்தே நேராக அங்கே போவார். தாளை டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் பால்வண்ணம் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போக வேண்டும். அதுதான் வழக்கம். சொல்லிவிடலாம். என்ன சொல்வது? பறவை தப்பு என்றா, கண் தப்பு என்றா? பறவை தப்பு என்று சொன்னாலே கண் தப்பு என்றுதான் ஆகும். பதக்கம் தப்பு என்று ஆகும். பெண்ணைக் கொடுத்தவன் குரல் கல்யாணப் பந்தலோடு தணிந்துவிட வேண்டும் என்று அப்பா சொல்லுவார். தணிந்துதான் கிடந்தது. கல்யாணத்தன்று சீர்வரிசைத் தட்டுகளைத் தாமே எண்ணி அனுப்பினார், இருபத்தொன்று. குற்றாலிங்கத்தின் அக்கா எல்லார் முன்னாலும் எண்ணிவிட்டு, "பத்தொம்பதுதான் இருக்கு, பொண்ணு வீட்டுல எண்ணத் தெரியாதோ" என்றாள். துறைமுகத்தில் ஒரு மூட்டைக்குக்கூட மேஸ்திரியிடம் சண்டை போட்டவர், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கையைக் கட்டிக்கொண்டார். இரண்டு தட்டும் சமையல்கட்டில் வாழையிலைக் கட்டுக்கு அடியில் கிடைத்தன. கிடைத்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகள் நன்றாக இருக்கிறாள், அது போதும். அப்படி விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் இந்த வரப்பில் ஒரே துண்டில் உட்காரும் இடம் கிடைத்தது. இன்றைக்கு வாயைத் திறந்தால் இந்த இடம் போய்விடும்; அடுத்த தையில் குற்றாலிங்கம் வரமாட்டார்; வீட்டில் மறுபடி நாற்காலி நுனிதான். சண்முகவடிவிடம் சொல்லி அவள் மூலமாகச் சொல்லவைத்தால்? "உங்க அப்பா என் அப்பாவக் குருடன்ங்காரா" என்று மாப்பிள்ளை கேட்பார், அந்தப் பேச்சு அவள் தலையில்தான் இடியும். பேசாமல் இருந்தால்? தட்டு இரண்டு குறைந்தால் தட்டுதான். யோசனை அந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் நின்றது. அதற்கு அப்பால் அவர் போக மறுத்தார். போகாமலிருக்கவும் முடியவில்லை. கண்ணாடிக் கம்பியைப் பிடித்திருக்கும் சின்ன விரல்கள், எதிரே ஜல்லி. மறுபடி பச்சைக்காலியிடம் திரும்பி வந்தார். அது இன்னும் மீன் துரத்திக்கொண்டிருந்தது. அதற்குத் தன் காலின் நிறம் பற்றி ஒரு கவலையும் இல்லை.

"என்ன சம்மந்தி, சத்தத்தையே காணோம்? கோடு போட்டுப் போட்டு நீங்களே ஒரு கோடாப் போயிட்டியளா?" பிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றினார் குற்றாலிங்கம். இடது கையின் சுட்டுவிரலைத் தம்ளர் விளிம்புக்குள் விட்டிருந்தார். விரல் நுனியில் சூடு பட்டதும் ஊற்றுவதை நிறுத்தினார். இதையும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம் என்று பால்வண்ணம் நினைத்தார். டிரைவர் வழக்கம் என்றே நினைத்திருந்தோம். தம்ளரை நீட்டிய கை அவருடைய கைக்கு நாலு விரற்கடை தள்ளி நின்றது. அவர் நகர்ந்து வாங்கிக்கொண்டார். இதுவரைக்கும் இப்படித்தான் அவரே நகர்ந்து நகர்ந்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். குடித்தார். குற்றாலிங்கம் வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்தார். "அம்புட்டுதான், முடிஞ்சு. நீங்க டீச்சர்ட்ட தாளக் குடுத்துருங்க. நான் புள்ளயக் கூட்டப் போறேன், வாசல்ல நின்னுக்கிட்டு அழும்." சாவிக்காகச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே வரப்போரம் நின்ற ஸ்கூட்டரை நோக்கி நடந்தார். நடை நல்ல நடை. தெரிந்த வரப்பு.

"சம்மந்தி." குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "சம்மந்தி, மேக்கு மூலையில நிக்கது பச்சைக்காலி."

குற்றாலிங்கம் திரும்பவில்லை. நின்றார். கையில் சாவி ஒரு தடவை குலுங்கி அடங்கியது. "பாத்தியளா?"

"பாத்தேன்."

"எழுதுதவன் பாக்கப்படாதுன்னு நீங்கதான சட்டம் போட்டிய?"

"நான்தான் போட்டேன்."

"எத்தன நிக்கி?"

"பத்தொம்பது."

"நான் எத்தன சொன்னேன்?"

"முப்பத்திரண்டு. போன வருசம் சொன்னதும் முப்பத்திரண்டு." சொன்ன பிறகு அந்தப் பின்பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று தோன்றியது. விட்டிருக்க முடியாது, கணக்கு அப்படித்தான் இருந்தது. இத்தனை வருஷம் சேர்த்து வைத்தது மொத்தமும் அடுத்து வரும் சத்தத்தில் போகப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டார். பவளக்காலிக் கத்தலுக்காகக் காத்திருந்தார். சத்தம் வரவில்லை. குற்றாலிங்கம் வந்து துண்டின் மறுபாதியில் மெல்ல உட்கார்ந்தார். தண்ணீர்ப் பக்கமே முகத்தை வைத்திருந்தார். எதைப் பார்க்கிறார் என்று சொல்ல முடியாது.

"வலதுகண்ணு மார்கழிக்கு முந்தியே போச்சு சம்மந்தி" என்றார். "இடதுல ஒரு பக்கமா வருது. பால் ஊத்துன மாதிரி. புள்ள இருக்கால்லா, அவ நல்லாச் சொல்லுவா. ஒரு நாளும் தப்பாச் சொன்னதில்ல." பிறகு, "ஆறு வயசுப் புள்ளய கண்டக்டராப் போட்டு வண்டி ஓட்டியிருக்கேன். எனக்குப் பதக்கம் வேற" என்றார். சிரிக்க முயன்று பாதியில் விட்டுவிட்டார்.

பால்வண்ணத்துக்கு ஆறுதல் சொல்ல வராது. "புரைன்னா எடுத்துரலாம். எங்க தெருவுல மூணு பேர் எடுத்திருக்காவ. மூணு பேரும் பேப்பர் படிக்காவ" என்றார். பிறகு, "இன்னைக்குப் புள்ளய நான் ஆட்டோல கூட்டியாரேன்" என்றார். கேள்வியாகத்தான் சொல்ல நினைத்தார். கேள்வியாக வரவில்லை.

குற்றாலிங்கம் தலையாட்டினார். "திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்கு நீங்களும் வாங்க. எம் மவன்ட்ட நானே சொல்லுதேன், ரெண்டு நாள் பொறுங்க. அதுவரைக்கும் உங்க மவகிட்ட மூச்சு விடாதிய. அவ முகத்தப் பாத்து அவன் கண்டுபிடிச்சிருவான்." ஏதோ யோசித்தவர், "வண்டி ஏன் எடுக்கலன்னு கேப்பாளே. பஞ்சர்னு சொல்லிருங்க" என்று சாவியை எடுத்து நீட்டினார். இந்த முறையும் கை தள்ளித்தான் வந்தது. பால்வண்ணம் நகரவில்லை, அந்தக் கையைப் பிடித்துத் தம் பக்கம் இழுத்துச் சாவியை வாங்கிக்கொண்டார்.

தாளில் முப்பத்திரண்டு கோட்டையும் அடித்துவிட்டு, பச்சைக்காலி என்று எழுதி, மூன்று குறுக்குக்கோட்டுக் கட்டும் தனியாக நாலு கோடும் போட்டார். அது முடிந்ததும் பஞ்சர் என்ற சொல் வந்து மாட்டிக்கொண்டது. மகள் கேட்பாள். அவளிடம் அவர் இன்றுவரை இல்லாததை இருக்கிறது என்று சொன்னதில்லை. சொல்லவும் வராது, காது சிவந்துவிடும், அவள் உடனே கண்டுகொள்வாள். ஆனால் கொடுத்த வாக்கும் இருக்கிறது. எழுந்து ஸ்கூட்டரிடம் போனார். முன்சக்கரத்துப் பக்கம் குந்தி உட்கார்ந்து, வால்வு மூடியைத் திருகிக் கழற்றி, சாவி நுனியால் உள்ளே அழுத்தினார். காற்று நீளமாகச் சீறியது. சக்கரம் மெதுவாக மண்ணில் தணிந்து தட்டையாகும் வரை பிடித்துக்கொண்டிருந்தார். இதைப் பஞ்சர் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினார். காற்று இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம், அது உண்மை. ஒன்றில் மட்டும் போனால் நம்புவார்களோ என்னவோ என்று தவழ்ந்து பின்சக்கரத்துக்கு நகர்ந்தார்.

வரப்பிலிருந்து குற்றாலிங்கத்தின் குரல் வந்தது, பழைய பஸ் ஸ்டாண்டுக் குரல், பாத்தியின் அக்கரை வரை கேட்கும்படி. "ஒண்ணு போதும் சம்மந்தி! வீடு வரைக்கும் தள்ளணும்லா!"